வடத்தின் மறுமுனை

பின்கதவடியில் கிடந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

பிரியந்தி முதலில் அதைக் கவனிக்கவில்லை. குந்தியிருந்து துணியால் ஒற்றியெடுத்து வாளிக்குள் பிழிந்தபோதுதான் விரல்களுக்கு உறைத்தது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்தாறு பாகை. கதவுக் கண்ணாடியின் ஓரமெல்லாம் பனி பூத்திருந்தது. அதற்கப்பால் புல்வெளியும், புல்வெளிக்கு அப்பால் ஏரியும், எது முடிந்து எது தொடங்குகிறது என்று தெரியாமல் ஒரே வெள்ளையாக இறுகிக் கிடந்தன. நவம்பரில் பூட்டிய கதவு அது. அந்த வழியாக ஒருவரும் வந்துபோவதில்லை. வெளிப்பனி உருகிக் கசிந்ததென்றால் விரல் விறைத்திருக்க வேண்டும். இதுவோ, நாள் முழுவதும் வெயிலில் கிடந்த குளத்துத் தண்ணீரைப் போல இருந்தது.

துணியை முகர்ந்து பார்த்தாள். சேறு. அழுகிய தண்டு, ஊறிப்போன மரம், அவற்றுக்கு அடியில் பிடிபடாத இன்னொரு நாற்றம்.

"ஹீற்றர் பைப் எங்கையோ ஒழுகுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாளியைத் தூக்கினாள்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. பிரியந்தி பேசாலைக்காரி. மொன்றியலுக்கு வந்து ஆறு வருடம். குடியிருக்கும் கோட்-டெ-நேஜிலிருந்து இரண்டு பஸ் ஏறி, புவாண்ட்-கிளேரில் ஏரிக்கரையோரம் இருந்த இந்தப் பழைய மரவீட்டுக்கு வந்து, நண்பகலிலிருந்து இரவு எட்டுமணி வரை ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எட்டுமணிக்கு இரவுத் தாதி வருவாள். இதற்குமுன் இங்கே நின்றவள் மாக்கிரட் அக்கா. ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். முழங்கால் ஏலாது என்று சொல்லி அக்கா நின்றுவிட்டு, இந்த வேலையைப் பிரியந்திக்கு எடுத்துக் கொடுத்திருந்தாள். இது மூன்றாவது கிழமை.

வீட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. வாசல் தூணில் பதித்த பித்தளைத் தகட்டில் ஆங்கில எழுத்தில் வெட்டியிருந்தது. தபால்காரன் அதை 'அருகேட்' என்று வாசிப்பான். ஏதோ ஸ்கொட்லாந்துப் பெயராக்கும் என்று நினைத்தபடி பிரியந்தி தினமும் கையுறையால் தகட்டின்மேல் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

கிழவரின் பெயர் கார்ஸ்வெல். எண்பத்தெட்டு வயது. இடதுகால் மரத்தைப் போல. நடைச்சட்டம் இல்லாமல் இரண்டடி வைக்க ஏலாது. ஏரியைப் பார்த்த கண்ணாடி அறையில், முழங்காலில் கம்பளியும் மடியில் தொலைநோக்கியுமாக நாள் முழுவதும் இருப்பார். முதுகுப் புண்ணுக்கு அவள் மருந்து மாற்றும்போது ஒருநாளும் முனகியதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்கள் சப்பாத்து நனையவில்லையே? குளிரில் கால் போனால் எல்லாம் போச்சு" என்று அவளை விசாரிப்பார். இப்படி ஒரு மனிதரை அவள் இந்த வேலையில் கண்டதில்லை.

அன்று பின்னேரம் தேத்தண்ணி கொண்டுபோனபோது, சுவரிலிருந்த படத்தை அவள் நின்று பார்த்தாள். வெள்ளைச் சீருடையில் ஓர் இளைஞன். பின்னால், தண்ணீரோடு தண்ணீராகப் பதிந்த ஒரு சின்னக் கப்பல். அதன் மூக்கில் ஒரு பீரங்கி. படத்துக்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பதக்கம்.

"ஆற்றுக்குள் ஓடுகிற பீரங்கிப் படகு" என்றார் அவர். "மூன்றடித் தண்ணீர் போதும் அதற்கு. பர்மா. நாற்பத்திரண்டு."

சொல்லத் தொடங்கினார். ஐராவதி ஆறு. இரண்டு கரையும் எதிரி கையில். அவருடைய மேல்தட்டில் காயப்பட்ட சிப்பாய்கள் நூற்று நாற்பது பேர். பின்னால், தடித்த வடத்தில் கட்டி இழுத்து வந்தது எஞ்சின் இல்லாத ஒரு தட்டைப்படகு. அதில் ஆலைக் கூலிகளும் அவர்களுடைய பெண்சாதி பிள்ளைகளுமாக இருநூறு பேர். இந்தியாவுக்கு நடந்தே போகலாம் என்று புறப்பட்டு வழியில் அகப்பட்ட சனம். ஓர் ஆற்றுத் திருப்பத்தில் பின்னாலிருந்து மூன்று எதிரிப் படகுகள் வந்தன. தட்டைப்படகை இழுத்துக்கொண்டு திரும்பவும் முடியாது, ஓடவும் முடியாது.

"வடத்தை வெட்டிவிட்டேன். திரும்பினேன். நாற்பது நிமிடம். சுக்கான் பிடித்தவன் செத்தான். நான் பிடித்தேன். இந்தக் கால் அங்கேதான் போனது. இரண்டு படகைத் தாழ்த்தினோம், மூன்றாவது கரையில் ஏறிவிட்டது. காயக்காரர் நூற்று நாற்பது பேரும் வீட்டுக்குப் போனார்கள்."

"அந்தச் சனம்?"

அவர் ஏரியைப் பார்த்தார். "வெட்டுகிறபோது அவர்கள் எல்லாரும் எழுந்து நின்று, கையைத் தூக்கி எங்களை உற்சாகப்படுத்தினார்கள். ஒரே சொல். திரும்பத் திரும்ப. எனக்கு அவர்கள் மொழி தெரியாது. அந்தக் குரல்தான் நாற்பது நிமிடமும் என்னை நிமிர்த்தி வைத்திருந்தது. சண்டை முடிந்து தேடிப்போனோம். ஆறு வெறுமையாக இருந்தது. அந்தத் திருப்பத்தில் இழுவை அதிகம்." தொலைநோக்கியை மடியில் திருப்பி வைத்தார். "அந்தச் சொல்லைத்தான் இந்த வீட்டுக்கு வைத்தேன்."

அதைச் சொல்லிக் காட்டினார். வாசல் தகட்டில் இருப்பதைத் தபால்காரன் வாசிப்பது போல அல்ல. காதால் கேட்டுப் பாடமாக்கியவர் சொல்வது போல, கடைசி எழுத்தை நீட்டி.

முதல்முறை பிரியந்திக்கு விளங்கவில்லை. இரண்டாவது முறை, கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள். மூன்றாவது முறை அந்த வெள்ளைக்கார வாய்க்குள்ளிருந்து, அறுபத்திரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு கூட்டத்தின் குரல் முழுசாக வெளியே வந்தது.

அறுக்காதே.

"உங்கள் மொழிதான் என்று மாக்கிரட் சொன்னாள். 'வெற்றி உங்களுக்கு' என்று அர்த்தமாம். சரிதானே?"

அவருடைய நீலக் கண்கள் அவள் முகத்திலேயே நின்றன. சாகப்போகிற மனிதர். பல்லைக் கடித்துக்கொண்டு மருந்து போடவிடுகிற மனிதர்.

"ஓம்" என்றாள், தமிழில். பிறகு ஆங்கிலத்தில், "சரிதான், சேர்."

காலடியில், பலகைத் தரைக்குக் கீழே எங்கோ, தடித்த கயிறொன்று பாரம் ஏறி மெதுவாக முறுகுகிற சத்தம் கேட்டது.

அன்றிரவு பஸ்ஸுக்குக் காத்து நின்றபடியே மாக்கிரட் அக்காவுக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, அந்தச் சொல்லை உங்களிட்டையும் கேட்டவரோ?"

மறுமுனையில் ஏதோ பொரிகிற சத்தம். அடுப்பை அணைத்தாள் போல, சத்தம் அடங்கியது.

"கேட்டவர்."

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"வேறை என்னத்தைச் சொல்லுறது? மனிசன் அதைச் சொல்லிச் சொல்லித்தானே உயிரோடை இருக்குது." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "பின்கதவடியிலை தண்ணி கண்டனியோ?" என்றாள்.

"ஓம்."

"இண்டைக்குக் கதவடி. நாளைக்குக் குசினிமட்டும் வரும். எனக்கு முழங்கால் வருத்தமில்லை பிள்ளை. மாதாவாணை, ஒரு வருத்தமுமில்லை."

"அப்ப ஏன் என்னை அங்கை அனுப்பினனீங்கள்?"

"நான் சொன்ன பொய்தானே, என்னோடை போயிடும் எண்டு நினைச்சன். நீ உண்மையைச் சொல்லிப்போட்டியோ?"

"இல்லை. சரியெண்டு சொன்னன்."

"ஐயோ, நீயும் அதையே சொன்னியோ? விட்டிட்டு வா பிள்ளை. நாளைக்குப் போகாத."

போனாள். தொண்ணூறாம் ஆண்டு போருக்குத் தப்பி இந்தியாவுக்கு ஓடியபோது, பதினெட்டு வயதில், பேசாலையிலிருந்து படகோட்டி ஒருவன் அவளையும் இன்னும் பதினேழு பேரையும் ஏற்றிக்கொண்டுபோய், கரை வந்துவிட்டது என்று சொல்லி, நடுக்கடல் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போயிருந்தான். எஞ்சின் சத்தம் தூரப்போய்த் தூரப்போய் இல்லாமலானதை அவள் முழங்கால் தண்ணீரில் நின்று கேட்டிருக்கிறாள். இந்தியப்பக்கத்து மீன்பிடிகாரர் கண்டிராவிட்டால் அங்கேயே முடிந்திருக்கும். ஏலாத ஆளைத் தனியே விட்டுவிட்டுப் போவதென்பது அவளால் ஆகாத காரியம். அதைவிட, கொஞ்சத் தண்ணீருக்குப் பயந்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

செவ்வாய்க்கிழமை தண்ணீர் குசினிவரை வந்திருந்தது. புதன்கிழமை அது தண்ணீராக இல்லை, தடங்களாக இருந்தது. வெறுங்கால் தடங்கள். விரல் விரிந்த, செருப்புப் போட்டறியாத பாதங்கள். அகலமானவை, ஒடுங்கியவை, அவள் உள்ளங்கையளவே இருந்தவை. பின்கதவில் தொடங்கி, நடைபாதைப் பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாக மிதித்து, நடுவில் மஞ்சட்சேறு குழைந்து, வளைந்து போயின. கண்ணாடி அறை வாசலோடு நின்றிருக்கும், கிழவரின் கதிரையைத்தான் தேடியிருக்கும் என்று துடைத்துக்கொண்டே போனாள்.

அங்கே ஒரு தடமும் இல்லை. அவர் பக்கம் அவை போகவே இல்லை.

எல்லாத் தடங்களும் குசினிக்குள் திரும்பி, அவள் பாத்திரம் கழுவ நிற்கும் இடத்துக்குப் பின்னால், அரைவட்டமாகக் கூடி நின்றிருந்தன.

வியாழக்கிழமை முழுவதும் அவள் முதுகைச் சுவரில் கொடுத்தே வேலை செய்தாள். கோப்பை கழுவக் குனிந்த ஒரு கணம், பிடரி மயிரில் ஈரமூச்சு பட்டது. ஒருவருடையது இல்லை. நெருக்கியடித்து நிற்கிற கூட்டத்தின் மூச்சு, ஒரு சொல்லைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிற்கிற மூச்சு. அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த வீட்டில் அவர்களுடைய பேச்சு விளங்குகிறவள் அவள் ஒருத்திதான். விளங்கியும் அதை மாற்றிச் சொன்னவளும் அவள்தான்.

வெள்ளிக்கிழமை பகல் ஒருமணிக்கே பனிப்புயல் தொடங்கியது. நாலுமணிக்கு வெளிச்சம் பழுப்பாகி, நாலரைக்குச் செத்தது. ஐந்துக்கு வலன்ரைன், அவளுடைய புருசன், போன் எடுத்தான்.

"ஹைவே பூட்டியாச்சு. இருபதாம் றோட்டாலையும் ஏலாது, நாப்பதாம் றோட்டாலையும் ஏலாது. நீ அங்கையே நில், விடிய வாறன்."

"இரவுத் தாதி?"

"அவவும் எப்பிடி வாறது? என்ன, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை" என்று அவள் சொல்லும்போதே லைன் அறுந்தது. மின்சாரமும் போனது. ஹீற்றர்கள் ஒவ்வொன்றாகச் சடசடத்து ஓய்ந்தன. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் நின்றது. அந்த அமைதிக்குள் வீடு முழுவதும், கூரையிலிருந்து நிலவறை வரை, ஒரு சத்தம் எழுந்தது. பாரம் ஏறிய வடம். முறுகியது. தளர்ந்தது. திரும்ப முறுகியது.

மெழுகுதிரியோடு கண்ணாடி அறைக்கு ஓடினாள். கார்ஸ்வெல் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"உங்களுக்கும் கேட்கிறதா?" என்றார்.

அவள் தலையசைத்தாள்.

"மாக்கிரட் இருந்த காலத்திலிருந்து கேட்கிறது. கிழட்டுக் காது என்று நினைத்தேன்." மெழுகுதிரி வெளிச்சத்தில் அவர் முகம் எலும்பாகத் தெரிந்தது. "திங்கட்கிழமை நீங்கள் சொன்னது பொய், இல்லையா?"

வடம் முறுகியது.

"பயந்த குரலை எனக்குத் தெரியும். கப்பலில் அதைக் கேட்டுத்தான் முடிவெடுப்போம். இன்னொன்றும் தெரியும். வெற்றி என்று கத்துகிற பெண்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு கத்தமாட்டார்கள். அது எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிய விரும்பவில்லை. சொல்லுங்கள்."

"சேர்..."

"சொல்லுங்கள்."

ஆங்கிலத்தில் அது மூன்று சொல்தான். சொல்லி முடித்தாள்.

அவர் கண்ணை மூடவில்லை. கையை மட்டும் கம்பளிமேல் விரித்து வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தரைப் பலகைகள் அதிர்ந்தன. மெழுகு உருகி அவள் பெருவிரலில் வடிந்தது.

"கோடரியை எடுத்தது நான்தான்" என்றார் கடைசியில். "என் ஆட்கள் ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை. அந்தப் பாரம் வேறொருவன் தோளில் ஏறக்கூடாது என்று."

"வேற வழி இருந்ததா, சேர்?"

"இல்லை. இன்றைக்கென்றாலும் அதையேதான் செய்வேன். ஆனால் அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு செய்திருக்க வேண்டும்." நடைச்சட்டத்தைப் பிடித்து எழும்ப முயன்றார். "உங்கள் மொழியில் எப்படிச் சொல்வது? வெட்டியது நான் என்று."

அவள் சொல்லிக் கொடுத்தாள். அவர் நாலைந்து தரம் வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். பிறகு தன் பழைய கடற்படைக் கோட்டைக் கேட்டார். வேண்டாம் என்று அழுதாள். அவர் கேட்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், தினமும் செய்கிறதையே அவள் கைகள் செய்தன. கோட்டை மாட்டிவிட்டு, தெறிகளைக் கழுத்துவரை பூட்டி, கம்பளித் தொப்பியைக் காது மூட இழுத்துவிட்டாள்.

நடைபாதை முழுவதும் ஈரம். சுவர்களும் ஈரம். இருபுறமும் யாரோ ஒதுங்கி வழிவிட்டு நிற்பது போல இருட்டு தடித்திருந்தது. அவர் ஓர் அடி வைத்தார். சட்டத்தை நகர்த்தினார். இன்னோர் அடி. பின்கதவின் தாழ்ப்பாளை அவரே நீக்கினார். கதவு உட்பக்கமாக அடித்துத் திறந்தது. பனி முகத்தில் அறைந்தது; பிரியந்தி மெழுகுதிரியைக் கையால் மறைத்தாள்.

அவர் நிமிர்ந்து நின்றார். கட்டளை இடுகிற குரலில், தடக்கித் தடக்கி, ஏரியைப் பார்த்துச் சொன்னார்.

"நான்தான்... அறுத்தேன்."

வடம் நின்றது.

காற்று நின்றது. பனி விழுந்துகொண்டிருந்தது, சத்தமில்லாமல்.

பிறகு, கதவுப்படியில் ஏதோ உரசியது. மெழுகுதிரியைத் தாழ்த்தினாள். மனிதக் கை மணிக்கட்டளவு தடித்த வடமொன்றின் நுனி, படியில் கிடந்தது. கருத்து ஊறிய வடம். வெட்டுவாய் மட்டும் புதுசு. வெள்ளை வெளேரென்ற நார்கள், இப்போதுதான் கோடரி விழுந்தது போல. மற்றப் பக்கம் புல்வெளியில் நீண்டு, ஏரியின் இருட்டுக்குள் போயிருந்தது.

கார்ஸ்வெல் குனிந்தார். அவர் குனிந்து அவள் கண்டதில்லை. நுனியை எடுத்துத் தோளில் போட்டார். நடைச்சட்டத்தை விட்டார்.

"சேர்! போகாதேங்கோ!" தமிழில்தான் கத்தினாள். கோட்டின் கையைப் பிடித்தாள்.

அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் கழற்றினார். "கதவைத் திறந்தே வைத்திருங்கள்" என்றார். "வெளிச்சம் தெரியட்டும்."

நடந்து போனார். மரத்த காலை இழுத்து இழுத்து. பனி அவரை மூடியது.

பத்து நிமிடம். பதினைந்து. விரல் மெழுகுதிரியோடு விறைத்துப்போனது. கதவை மூடு, மூடு, என்று உடம்பு முழுவதும் கத்தியது. மூடவில்லை. மனிசன் வெளியே நிற்குது.

அப்போது வடம் அசைந்தது. தளர்ந்து கிடந்தது இறுகியது. பனியிலிருந்து எழும்பியது.

தூரத்தில் ஏதோ அரைபடுகிற சத்தம். கனமான அடிமரம் ஐஸின்மேல் உராய்கிற சத்தம். நின்றது. திரும்ப உராய்ந்தது. கிட்ட.

அவர் தெரிந்தார். முன்னால் சரிந்து, வடத்தைத் தோளில் போட்டு, ஓரடி. ஓரடி. வீட்டைப் பார்த்து வந்தார். தொப்பி இல்லை. முகத்தில் பனி படிந்து உருகாமல் இருந்தது. கண் திறந்தபடி. இமைக்கவில்லை. வாயிலிருந்து புகை வரவில்லை.

மூச்சில்லாத அந்த மனிதர் இழுத்தார். அவருக்குப் பின்னால் இருட்டு கறுப்பாகத் திரண்டது. அகலமாக. தாழ்வாக. தட்டையாக.

அதில் நின்றார்கள். தோளோடு தோளாக. ஒருவருக்கும் உட்கார இடமில்லை. ஒட்டிய சேலைகள். வழிந்த கூந்தல். தண்ணீர் சொட்டியது, சொட்டியது, ஐஸில் விழுந்து ஆவி எழுப்பியது. ஒருவரும் கத்தவில்லை. ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. இருநூறு முகமும் திறந்த கதவைப் பார்த்தன. அவளைப் பார்த்தன.

புல்வெளியின் விளிம்பில் இடித்து நின்றது. கிழவர் வடத்தை விடவில்லை. நின்றபடியே நின்றார்.

முன்வரிசையில் ஒருத்தி குனிந்தாள். காலடியிலிருந்து எதையோ தூக்கினாள். கையை நீட்டினாள். கை நீண்டது. புல்வெளியைத் தாண்டி, படியைத் தாண்டி, மெழுகுதிரி வெளிச்சத்துக்குள் வந்தது. அதன் முனையில் ஒரு குழந்தை. தலை ஒரு பக்கம் தொங்கியது.

"புள்ளையப் பிடிம்மா" என்றாள் அவள், வாய்நிறையத் தண்ணீரோடு.

பிரியந்தியின் கையிலிருந்து மெழுகுதிரி விழுந்தது. இருட்டில் அவளுடைய இரண்டு கைகளும், அவளைக் கேளாமலே, முன்னால் நீண்டன. அவற்றில் பாரம் இறங்கியது. சின்ன விரல்கள் அவள் சட்டையைப் பற்றிக்கொண்டன.

பற்றிய பிறகு விடவில்லை. அடுத்த கை ஏற்கெனவே நீண்டிருந்தது. அதற்குப் பின்னால் அடுத்தது.